பீவர்ஸ் அணிமீது ஒரு மொட்டைப் பெட்டிசம்

லின்டன்பாக் பீவர்ஸ் என்ற பேஸ்போல் அணியிடம் பூச்சியம் எழுதிய பலகைகள் பத்துத்தான் இருந்தன. அணியைத் தொடங்கிய காலத்தில் அதுவே தாராளம் என்று நினைத்திருப்பார்கள். 1986ஆம் ஆண்டு யூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தபோது அந்தப் பத்தும் தீர்ந்துவிட்டன. ஓட்டப் பலகையடியில் நின்ற அரியரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்தார். வேலியோரம் கிடந்த பெயின்ற் ரின் மூடி ஒன்றை எடுத்து, புல்லில் துடைத்து, ஆணியில் கொளுவினார். தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு அதுவும் பூச்சியம் போலவே இருந்தது.

"அண்ணை, மூடியும் முடிஞ்சா என்ன செய்வியள்?" என்று கீழே புல்லில் சாய்ந்திருந்த அவருடைய அறைத்தோழன் செல்வராசா கேட்டான்.

"என்ர தலையைக் கழட்டிக் கொளுவுறன். பேசாமல் இரும்."

அரியரத்தினத்துக்கு நாற்பத்தாறு வயது. இலங்கையில் மாகோ ரயில் நிலையத்தின் பொதிகள் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு யூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த மேசைக்கு அவர் திரும்பவில்லை. மனைவி மங்கையற்கரசியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் பருத்தித்துறையில் விட்டுவிட்டு, கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்கு வந்து, டுசல்டோர்ஃபுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த இந்தச் சிறு நகரத்து அகதி விடுதிக்கு அனுப்பப்பட்டார். விடுதியை எல்லாரும் ஹைம் என்பார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு எப்போது வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஹைமின் பின்வேலிக்கு அப்பால் பீவர்ஸ் அணியின் மைதானம் இருந்தது.

பந்தை மட்டையால் அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற விளையாட்டு அவருக்குப் புதிதல்ல. சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் மாகோ ரயில்வேக்காரர் எல்லே ஆடுவார்கள். அரியரத்தினம்தான் ஓட்டம் குறிப்பார். ஆகவே முதல் ஞாயிறே வேலிக்கு இங்கால் நின்று பாதி விளங்கிக்கொண்டார். இரண்டாம் ஞாயிறு மழை பெய்தது. அணியின் பொறுப்பாளர் ஹெர் வோல்ற்றர்ஸ் வேலிக் கதவைத் திறந்து, நனைந்துகொண்டிருந்த அவரையும் செல்வராசாவையும் கூரைக்குக் கீழே வரும்படி கையைக் காட்டினார். மூன்றாம் ஞாயிறு இலக்கப் பலகைகளை அவரிடம் தந்து, கொளுவ முடியுமா என்று சாடையில் கேட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆட்டத்திலும், மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும், வோல்ற்றர்ஸ் தன் குடுவையில் இருந்து ஒரு கோப்பை கோப்பி ஊற்றி, இரண்டு கட்டிச் சீனி போட்டு, ஓட்டப் பலகையடிக்குத் தானே கொண்டுவந்து கொடுப்பார். சீனி இரண்டு என்று அரியரத்தினம் ஒருநாளும் சொன்னதில்லை. முதல்நாள் அவர் முகம் சுளித்ததைப் பார்த்து அந்த மனிதர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட கோப்பியைக் குடித்துக்கொண்டே ஒரு மனிதர் மீது கோபப்படுவது சுலபமில்லை. அரியரத்தினம் கோபப்பட்டார்.

காரணம் இருந்தது. அகதி விண்ணப்பம் போட்டவனுக்கு நாட்கள் ஒரு முடிவும் இல்லாமல் போகும். காலை எழும்பித் தபால் பெட்டியைப் பார்ப்பது, சமைப்பது, படுப்பது. பேஸ்போல் அப்படியில்லை. பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்புக்காகத்தான் அவர் வாரம் முழுவதும் இருந்தார். ஆனால் பீவர்ஸ் அணிக்குக் கிடைத்த தீர்ப்பு ஒவ்வொரு முறையும் ஒன்றேதான். சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. வெளியூர் ஆட்டங்களுக்கு அவர் மாவட்ட எல்லையைத் தாண்டிப் போக முடியாது. அங்கேயாவது வென்றிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இருப்பார். திங்கட்கிழமை குளிர்பான லொறியை ஓட்டிக்கொண்டு ஹைமைக் கடக்கும் வோல்ற்றர்ஸின் முகத்தைப் பார்த்ததும் அந்த நம்பிக்கையும் போய்விடும்.

"பந்து எறியிறவனைப் பாரும்," என்றார் அரியரத்தினம். "மன்ஃப்ரெட்டுக்கு நாற்பத்து மூண்டு வயது. அவன் எறியிற பந்து போய்ச் சேரமுன்னம் மற்றப் பக்கத்துக்காரன் வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு வந்து அடிப்பான்."

"றூடிகர் இருக்கிறானே, அண்ணை. சித்திரை மாசம் எறிஞ்சானே, கண்ணுக்கே தெரியேல்லை."

"அதைத்தானே நானும் கேக்கிறன். வைகாசி நாலாம் திகதிக்குப் பிறகு அவனை எறிய விடேல்லை. கல்லுக் கணக்கா வாங்கில இருத்தி வைச்சிருக்கினம். ஏன்? ஆர் கேக்கிறது? தோத்துப்போட்டு வாற எல்லாருக்கும் சோசேஜ் பொரிச்சுக் குடுக்கிறார் மனிசன். தோத்தவனுக்குச் சோசேஜ் எண்டால் வெண்டவனுக்கு என்ன குடுப்பார்?"

"அது ஒருக்காலும் தெரியவராது," என்றான் செல்வராசா.

அன்று பதினான்குக்குப் பூச்சியம். ரின் மூடியைக் கழற்றி வேலியோரம் வைத்தபோது அரியரத்தினம் முடிவெடுத்துவிட்டார். பெட்டிசம் எழுதுவது.

யாழ்ப்பாணத்து மனிதருக்கு இது விளக்கத் தேவையில்லாத காரியம். தபால் பிந்தினால் பெட்டிசம், அதிபர் பிந்தினால் பெட்டிசம், பக்கத்து வளவுக்காரன் வேலியைத் தள்ளினால் பெட்டிசம். பெயர் போடாமல் எழுதினால் அது மொட்டைப் பெட்டிசம். மேலிடத்துக்குப் போகும், யாராவது ஒரு பெரியவர் வாசிப்பார், ஒரு விசாரணை என்று சொல்லுவார்கள், அநேகமாக ஒன்றும் நடக்காது. எழுதியவரின் மனம் மட்டும் ஆறும். மாகோவில் இருந்த காலத்தில் அரியரத்தினம் பிறருக்காக நாற்பது பெட்டிசமாவது எழுதியிருப்பார். அவரையே ஒரு மொட்டைப் பெட்டிசம்தான் வவுனியாவில் இருந்து மாகோவுக்கு மாற்றியது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. அப்படி அடிபட்டவர் அன்றைக்கு அதை ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்கலாம். கோபம் வந்த வேளையில் நமக்கு வந்த காயம் ஞாபகத்துக்கு வருவதில்லை. பிறருக்குக் கொடுக்கப்போவது நியாயம் என்றே தோன்றும்.

ஏழு ஆட்டத்திலும் எத்தனை பூச்சியம் என்ற கணக்கோடு பெட்டிசத்தை முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். அதை ஜெர்மன் மொழியில் மாற்றித்தர ஹைமின் மூன்றாம் மாடியில் இருந்த ரஞ்சினியிடம் போனார். ரஞ்சினி கொழும்பில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்தாளராக இருந்தவள். தேவாலயத்து அம்மா ஒருவர் நடத்திய வகுப்புக்கு ஒருநாளும் தவறாமல் போய், ஹைமில் இருந்த எல்லாரையும்விட நன்றாக ஜெர்மன் பேசினாள். பொதுச் சமையலறையில் பருப்பு அவிந்துகொண்டிருந்தது. அவள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தாளை வாசித்தாள்.

"ஒண்டு, கிழவனை எறிய விடுறது. ரண்டு, றூடிகர் எண்ட நல்ல எறிகாரனை மூண்டு மாசமாப் பாவிக்காமல் வைச்சிருக்கிறது. மூண்டு... அண்ணை, இதென்ன, சோசேஜ்?"

"குற்றச்சாட்டு மூண்டு இருக்கவேணும் பிள்ளை. ரண்டு எண்டால் பாரமில்லை."

"ஆருக்கு அனுப்பப் போறியள்?"

"கழகத்தின்ர தலைவருக்கு. ஹெர் கிளாசன். அந்த மாபிள், தரைக்கல்லுக் கொம்பனி வைச்சிருக்கிறாரே, அவருக்கு."

"கீழை பேர் இல்லை. 'ஒரு நலன்விரும்பி' எண்டு கிடக்கு."

"அதுதானே மொட்டைப் பெட்டிசம்."

"இஞ்ச அது எடுபடாது அண்ணை. இவையள் கடிதம் வந்தால் அதுக்கு ஒரு இலக்கம் போட்டு, ஒரு கோவை திறந்து, கடைசி மட்டும் போவினம்."

"போகட்டும். நல்லதுதானே."

ரஞ்சினி மறுபடி தாளைப் பார்த்தாள். கடைசி வரியில் அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினாள் போலும். பெட்டிசங்களுக்கு என்றே உள்ள பழைய முடிவு வரி அது. தங்கள் தாழ்மையுள்ள மனுதாரர் தங்களுக்காக என்றென்றும் பிரார்த்திக்கக் கடமைப்பட்டுள்ளார்.

"இதையும் மாத்தவோ? பந்து விளையாட்டுக்குப் பிரார்த்தனையோ?"

"அது போடாட்டில் பெட்டிசம் நிறைவாகாது," என்றார் அரியரத்தினம். நாற்பது பெட்டிசத்திலும் அந்த வரியைப் போட்டிருக்கிறார். ஒருவருக்காகவும் ஒருநாளும் பிரார்த்தித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கடிதம் தபாலுக்குப் போனது.

ஞாயிறு அவர் மைதானத்துக்கு வந்தபோது அறிவிப்புப் பலகையடியில் சிறு கூட்டம். அவருடைய பெட்டிசம் ஒளிபுகும் உறை ஒன்றுக்குள் வைக்கப்பட்டு, நாலு மூலையிலும் ஊசி குத்தித் தொங்கியது. கீழே தலைவர் கிளாசன் தன் கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இந்தக் கடிதம் கவனிக்கத்தக்க கேள்விகளைக் கேட்கிறது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நடக்கும் நிர்வாகக் கூட்டத்தில் நான்காவது விடயமாக எடுக்கப்படும். எழுதியவர் விரும்பினால் வரலாம்.

சோசேஜ் பகுதியை வாசித்துவிட்டு மன்ஃப்ரெட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வோல்ற்றர்ஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டு முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை நிதானமாக வாசித்தார். தலையை இரண்டுமுறை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

அரியரத்தினம் ஓட்டப் பலகையடியில் நின்றார். முதலாவது இன்னிங்ஸ் போனது, இரண்டாவது போனது. அன்றைக்குக் கோப்பி வராது என்று அவர் தனக்குள் தீர்மானித்திருந்தார். வராமல் இருந்தால் மனதுக்கும் ஒருவிதத்தில் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்தது. வோல்ற்றர்ஸ் கோப்பையைக் கொண்டுவந்தார். இரண்டு சீனி.

"சூடு, கவனம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றும் தோல்விதான். ஆட்டம் முடிந்து எல்லாரும் சோசேஜ் பொரிக்கும் இடத்துக்குப் போனபோது அரியரத்தினம் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார். மேல்வரிசை உயரம். வழக்கமாக ஏறும் பெட்டியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அந்த வழியாக வந்த றூடிகரைக் கைகாட்டி அழைத்தார். இருபத்தெட்டு வயது, நல்ல உயரம். றூடிகர் வந்து வலக்கையைத் தூக்கினான். கை தோளளவில் நின்றுவிட்டது. அவன் முகம் வெளுத்தது. உடனே இடக்கையால் பலகையைப் பிடித்தான், பிடி சரியாக விழவில்லை, பலகை நிலத்தில் விழுந்து சத்தம் எழுப்பியது.

றூடிகர் முதலில் பார்த்தது பலகையை அல்ல. அங்கே தூரத்தில் தன் குட்டை நாயோடு நின்ற தலைவர் கிளாசனைத்தான். அவர் திரும்பவில்லை.

"தயவுசெய்து," என்றான் றூடிகர் மெல்லிய குரலில். "சொல்லாதீர்கள்."

பிறகு, அரியரத்தினத்துக்கு விளங்க வேண்டும் என்று சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னான். வைகாசியில் தோள் போய்விட்டது. அவன் வேலை செய்வது கிளாசனின் தரைக்கல் கொம்பனியில். தரைக்குக் கல் பதிக்கலாம். சுவருக்குப் பதிக்க முடியாது. சுவர் வேலையைக் கூட வேலை செய்யும் நண்பன் செய்து தருகிறான். அவனுடைய தரை வேலையை இவன் செய்கிறான். ஒக்டோபர் முதலாம் திகதி இவனுக்கு வேலை நிரந்தரமாகும். அதற்கு முன் தெரிந்தால் வேலையால் நிறுத்திவிடுவார்கள். நிரந்தரமான பிறகு மருத்துவரிடம் போகலாம். மனைவிக்கு கார்த்திகையில் பிள்ளை பிறக்க இருக்கிறது.

"வோல்ற்றர்ஸுக்கு மட்டும் தெரியும்," என்றான். "அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் அவரை ஏசுகிறார்கள். இப்போது யாரோ கடிதமும் எழுதியிருக்கிறார்கள்."

அரியரத்தினம் குனிந்து விழுந்த பலகையை எடுத்தார். அதில் மண் ஒட்டியிருந்தது. சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே ரஞ்சினியிடம் போய் நடந்ததைச் சொன்னார். செல்வராசாவும் இருந்தான்.

"வெள்ளிக்கிழமை கிளாசன் கேக்கப்போறார், ஏன் றூடிகர் எறியிறதில்லை எண்டு. வோல்ற்றர்ஸ் பொய் சொல்லத் தெரியாத மனிசன். என்ன சொல்லுவார்? அந்தப் பெடியன்ர வேலை என்ர பெட்டிசத்தால போகப்போகுது."

"கடிதத்தைத் திருப்பி எடுங்கோ," என்றாள் ரஞ்சினி.

"திருப்பி எடுத்தால் போதுமோ? வாசிச்சிட்டினமே."

"அந்தோனிப்பிள்ளை அண்ணையை நினைச்சுப் பாருங்கோ." மாசியில் தாயாருக்குச் சுகமில்லை என்று தன் அகதி அன்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, திருப்பி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவர் அந்தோனிப்பிள்ளை. "அந்த ஒஃபிசர் அவரை நாலு மணித்தியாலம் வைச்சு விசாரிச்சவர். அன்ராக்கைத் திருப்பி எடுக்கிறன் எண்டு கையெழுத்து வைச்ச பிறகு, ஒரு கேள்வி? ஒண்டும் இல்லை. முத்திரையைக் குத்திக் கோவையை மூடினவர். திருப்பி எடுத்த அன்ராக்கைப் பற்றி இந்த நாட்டில ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது."

அரியரத்தினத்தின் முகம் தெளிந்தது. "அப்ப ஒரு கடிதம் எழுதும், பிள்ளை. நலன்விரும்பி திருப்பி எடுக்கிறார் எண்டு."

"அதெப்பிடி? பேர் இல்லாத அன்ராக்கை ஆர் எண்டு திருப்பி எடுக்கிறது? முதல்ல நீங்கள் பேரைப் போட்டுக் கையெழுத்து வைக்கவேணும். பிறகுதான் திருப்பி எடுக்கலாம்."

அரியரத்தினம் சட்டைப் பையில் பேனையைத் தேடினார்.

"அண்ணை, யோசியுங்கோ," என்றான் செல்வராசா. அவன் குரலில் இப்போது விளையாட்டில்லை. "உங்கட கேஸ் முடியேல்லை. கிளாசன் ஊரில பெரிய ஆள். ஒரு அகதி பேர் போடாமல் ஜெர்மன்காரனைப் பற்றிக் கடிதம் எழுதினவன் எண்டு ஒரு சொல்லு மேலை போனால்? உங்கட கோவையில எழுதிப்போட்டால்? ரண்டு பொம்பிளைப் பிள்ளையள் அங்கை இருக்குதுகள்."

அரியரத்தினம் எழுந்தார். தன் அறைக்குப் போனார். யன்னல் தட்டில் ஒரு சிறிய பிள்ளையார் படம் இருந்தது. ஊரில் இருந்து கொண்டுவந்தது, பயணத்தில் ஒரு மூலை மடிந்துபோனது. அதற்கு முன்னால் நின்றார். வழக்கமாக அவர் கேட்பது ஒன்றுதான், மங்கையற்கரசியும் பிள்ளைகளும் வந்து சேர வேண்டும் என்பது. அன்றைக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. இன்னொருவனின் வீட்டுக் கதவைத் தன் கையால் சாத்திவைத்துவிட்டு, தன் வீட்டுக் கதவைத் திற என்று எப்படிக் கேட்பது?

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவர் கழக அறைக்குப் போனார். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டிருந்தார். ரஞ்சினி மொழிபெயர்க்க வந்தாள். வரமாட்டேன் என்று சொன்ன செல்வராசாவும் வாசலில் வந்து நின்றான்.

நீண்ட மேசை. தலைவர் கிளாசன் நடுவில். பக்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் ஃபிறவ் றீற்றா, அறுபது வயது அம்மா, கையில் அடிமட்டமும் பேனையும். வோல்ற்றர்ஸ் மூலையில் இருந்தார். முதல் விடயம் புல்லு வெட்டும் இயந்திரம். இரண்டாவது கூரை ஒழுக்கு. மூன்றாவதும் கூரை ஒழுக்குத்தான்.

"நான்காவது," என்றார் கிளாசன். கடிதத்தை எடுத்து முழுவதையும் வாசித்தார். என்றென்றும் பிரார்த்திக்கக் கடமைப்பட்டுள்ளார் என்ற இடத்தில் ஒருவர் இருமினார். கிளாசன் சிரிக்கவில்லை. "நானே கேட்க நினைத்திருந்த கேள்வி இது. றூடிகர் என் கொம்பனியில் வேலை செய்கிறவன். உறுதியான ஆள். அவன் ஏன் எறிவதில்லை, வோல்ற்றர்ஸ்?"

வோல்ற்றர்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய காது இரண்டும் சிவந்தன. வாயைத் திறந்தார்.

அரியரத்தினம் எழுந்து நின்றார். கதிரை பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது.

"நான் எழுதினது," என்றார் தமிழில். பிறகு பழகிவைத்திருந்த ஜெர்மன் சொற்களில், "கடிதம் என்னுடையது," என்றார்.

அவர் மேசைக்குப் போய், கையை நீட்டிப் பெட்டிசத்தைக் கேட்டார். கிளாசன் ஒன்றும் விளங்காமல் கொடுத்தார். 'ஒரு நலன்விரும்பி' என்று இருந்த இடத்துக்குக் கீழே அரியரத்தினம் தன் முழுப் பெயரையும், ஹைம் முகவரியையும், அறை இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். திகதி போட்டார். அதை ஃபிறவ் றீற்றாவுக்கு முன்னால் வைத்தார். சட்டைப் பையில் இருந்து இரண்டாவது தாளை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இதென்ன?" என்றார் கிளாசன்.

ரஞ்சினி சொன்னாள். "மேற்படி கடிதத்தை எழுதியவர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார். தோல்வியில் வந்த கோபத்தில் எழுதியது, தனக்குத் தெரியாத விடயத்தைப் பற்றி எழுதியது, ஹெர் வோல்ற்றர்ஸிடம் மன்னிப்புக் கேட்கிறார்."

"இரண்டு நிமிடத்துக்கு முன் கையெழுத்து வைத்ததையா?"

"ஓம்," என்றார் அரியரத்தினம். ரஞ்சினி மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

யாரோ சிரித்தார்கள். கிளாசனும் கொஞ்சம் சிரித்தார். "சரி, சரி. ஆனாலும் கேள்வி நல்ல கேள்விதானே. வோல்ற்றர்ஸ், நமக்குள் பேசிக்கொள்வோம், ஏன்..."

"ஹெர் கிளாசன்," என்றார் ஃபிறவ் றீற்றா. அவர் இரண்டு தாளையும் வாசித்து முடித்திருந்தார். "விண்ணப்பம் திருப்பி எடுக்கப்பட்டுவிட்டது. நான்காவது விடயம் இப்போது இல்லை. குறிப்பு எழுதும் கூட்டத்தில் நமக்குள் என்று ஒன்றும் இல்லை."

"நான் தலைவர்."

"தலைவர் விரும்பினால் பதினான்கு நாளுக்கு முன் எழுத்தில் தரலாம். அடுத்த கூட்டம் ஒக்டோபர் பத்தாம் திகதி."

அடிமட்டத்தை வைத்து நான்காவது வரியின் மேல் ஒரு நேர்கோடு கீறினார். அடிமட்டத்தை எடுக்கும்போது ஒரு கணம் அரியரத்தினத்தைப் பார்த்தார். அவருக்கு ஏதாவது தெரியுமா, விதிமுறையில் மட்டும்தான் பிடிவாதமா என்று அரியரத்தினத்தால் சொல்ல முடியவில்லை. கடவுள் தன் காரியத்துக்கு யார் யாருடைய அடிமட்டத்தை எல்லாம் கேட்டு வாங்குகிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

"ஐந்தாவது," என்றார் கிளாசன் பெருமூச்சோடு. "பூச்சியப் பலகைகள் போதாது. மேலும் ஆறு வேண்டும் என்று வோல்ற்றர்ஸ் கேட்டிருக்கிறார்."

அது ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. வோல்ற்றர்ஸ் லொறியடியில் காத்திருந்தார். அரியரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு கிட்டப் போனார். ரஞ்சினி சொல்லச் சொல்ல அவர் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமையே தெரியும் எண்டு சொல்லுறார் அண்ணை. ஏழு ஆட்டத்திலையும் எத்தினை பூச்சியம் எண்டு கடிதத்தில சரியாக் கிடந்ததாம். அது பலகை கொளுவிறவருக்கு மட்டும்தானே தெரியும் எண்டு கேக்கிறார்."

"தெரிஞ்சுமோ கோப்பி கொண்டுவந்தவர்?"

ரஞ்சினி கேட்டாள். வோல்ற்றர்ஸுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்துவிட்டதே என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி இன்னொன்று கேட்டார். ரஞ்சினி சிரித்துக்கொண்டு திரும்பினாள்.

"கடிதத்தின்ர கடைசி வரியையும் திருப்பி எடுத்திட்டியளோ எண்டு கேக்கிறார். அந்தப் பிரார்த்தனை. தனக்காக ஒருத்தர் அப்பிடி எழுதினது இதுதான் முதல்தரமாம். அது கிடந்தால் நல்லதாம். அணிக்கும் தேவையாம்."

அரியரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் அந்த வரியை நம்பி வாசித்த முதல் மனிதர் முன்னால் நின்றார்.

"இல்லை எண்டு சொல்லும்," என்றார் மெதுவாக. "அது திருப்பி எடுக்கேல்லை."

செப்டெம்பர் கடைசியில் பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. புதிய பூச்சியப் பலகைகள் ஆறும், வோல்ற்றர்ஸ் தன் கையாலேயே பெயின்ற் அடித்தவை, கம்பீரமாக வரிசையில் இருந்தன. மன்ஃப்ரெட் எறிந்தான். பீவர்ஸ் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றது. அந்த ஒன்றுக்கான பலகை வருடம் முழுவதும் தேடப்படாமல் கிடந்ததால் அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிளாசன் வேலியோரம் நின்று தலையை ஆட்டினார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. சோசேஜ் எல்லாருக்கும் இருந்தது.

ஒக்டோபர் இரண்டாம் திகதி பின்னேரம் றூடிகர் ஹைமின் வாசலுக்கு வந்தான். மனைவி செய்த பிளம்ஸ் பழக் கேக் ஒன்று ஒரு தட்டில் துணியால் மூடியிருந்தது. தட்டை இடக்கையில் ஏந்தியிருந்தான். நிரந்தரமாகிவிட்டது என்றான். மருத்துவரைப் பார்க்க ஒன்பதாம் திகதி ரேர்மின் கிடைத்திருக்கிறது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தட்டைத் திருப்பித் தரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, இடக்கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

அன்றைய தபாலிலும் அரியரத்தினத்துக்கு ஒன்றும் வந்திருக்கவில்லை. கேக்கில் ஒரு துண்டைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தார். செல்வராசா கட்டிலில் இருந்தபடி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அரியரத்தினத்தின் உதடுகள் வழக்கத்தைவிட அதிக நேரம் அசைந்தன.

"ஆர் ஆருக்கு அண்ணை இவ்வளவு நேரம்?"

"மங்கைக்கும் பிள்ளையளுக்கும். றூடிகரின்ர தோளுக்கு. பிறக்கப்போற பிள்ளைக்கு. வோல்ற்றர்ஸுக்கு. அந்த றீற்றா அம்மாவுக்கு."

"அணிக்கு? வாற வருசம் வெல்லுறதுக்கு?"

அரியரத்தினம் கேக் துண்டைக் கையில் எடுத்தார்.

"மன்ஃப்ரெட் எறியிற மட்டும் அதைக் கேட்டுக் கடவுளைக் கரைச்சல் படுத்தக்கூடாது," என்று சொல்லி, படைத்த துண்டை இரண்டாக உடைத்துப் பெரியதை அவனிடம் கொடுத்தார்.